தற்காலிக டாட்டூவுக்கு ஏர்பிரஷ்: மையில் தொடங்கி வாங்குங்கள்

ஏர்பிரஷ் டாட்டூ கற்க ஆசைப்படுபவர்கள் முதலில் தேடுவது, காற்றழுத்தத்தால் மையைத் தூவும் பேனா போன்ற கருவியான ஏர்பிரஷைத்தான். அது இயல்புதான். ஆனால் வாங்கும் வரிசையில் அதற்கு இரண்டாவது இடம். எந்த மையை அடிக்கப்போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். ஊசியின் அளவு, ஏர்பிரஷுக்குள் இருக்கும் வாஷர், காற்றின் அழுத்தம், கழுவும் திரவம், டாட்டூ எத்தனை நாள் நிற்கும் என்பது எல்லாமே மையைப் பொறுத்தே அமைகின்றன. இன்னொருவரின் தோலில் போய் உட்காரப்போவதும் அந்த மைதான். கருவியை மாற்றிக்கொள்ளலாம், தோலை மாற்ற முடியாது.

முதலில் மை

உடலில் அடிப்பதற்கென்று விற்கப்படும் ஏர்பிரஷ் மைகள் பொதுவாக மூன்று வகை.

முதலாவது ஆல்கஹால் மை. நிறமியும் பிசினும் ஆல்கஹாலில் கலந்திருக்கும். தோலில் பட்டதும் ஆல்கஹால் சில நொடிகளில் ஆவியாகிவிடும். பிசின் மெல்லிய படலமாக நிறமியைப் பிடித்துக்கொள்ளும். இது தண்ணீருக்குக் கரையாது. குளிக்கலாம், நீந்தலாம். மூன்று நாள் முதல் ஒரு வாரம் வரை நிற்கும். அதற்குமேல் நிற்காததற்குக் காரணம் மையின் தரக்குறைவு அல்ல. படலம் ஒட்டியிருப்பது தோலின் மேலடுக்கில் உள்ள இறந்த செல்களின் மேல். அவை உதிர உதிர மையும் உதிர்கிறது. துணி உரசும் இடத்திலும், எண்ணெய் சுரக்கும் இடத்திலும், மணிக்கட்டு, முழங்கை மடிப்பு போல அடிக்கடி மடங்கும் இடத்திலும் சீக்கிரம் போய்விடும். புஜத்தின் வெளிப்பக்கம், கெண்டைக்கால், முதுகின் மேல்பகுதி ஆகியவற்றில் நன்றாக நிற்கும்.

இரண்டாவது தண்ணீர் மை. சோப்பு போட்டால் போய்விடும், வியர்வையில் கசியும். ஒரு மாலை நிகழ்ச்சிக்கு, முகத்துக்கு, குழந்தைகளுக்கு இதுவே சரி. மூன்றாவது ஹைப்ரிட். ஓரளவு ஆல்கஹால் கலந்திருப்பதால் தண்ணீர் மையைவிட வேகமாகக் காயும், கூடுதலாகத் தாங்கும். ஆனால் ஆல்கஹால் மை அளவுக்கு நாள்கணக்கில் நிற்காது.

‘டாட்டூ’ என்று சொல்லிக்கொள்ளும்படி சில நாள் நிற்க வேண்டுமென்றால் ஆல்கஹால் மைதான். இந்தக் கட்டுரையின் மீதிப் பகுதியும் அதை வைத்தே போகிறது. டெம்ப்டு, யூரோப்பியன் பாடி ஆர்ட், புரோஏர் போன்ற நிறுவனங்கள் உடலுக்கென்றே மை தயாரிக்கின்றன. எந்த நிறுவனமாக இருந்தாலும் புட்டியில் மூலப்பொருள் பட்டியல் அச்சிட்டிருக்க வேண்டும். நிறமிகள் பெரும்பாலும் சிஐ (கலர் இண்டெக்ஸ் என்ற நிறமிப் பட்டியல்) எண்ணோடு குறிக்கப்பட்டிருக்கும்: கறுப்பு இரும்பு ஆக்சைடு சிஐ 77499, வெள்ளைக்கான டைட்டானியம் டை ஆக்சைடு சிஐ 77891. பட்டியலே இல்லாத புட்டியை, நிறம் எவ்வளவு அழகாக இருந்தாலும், வாங்காதீர்கள்.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். ஓவியக் கடையில் கிடைக்கும் அக்ரிலிக் ஏர்பிரஷ் பெயின்ட், துணி பெயின்ட், வாகனப் பெயின்ட், மார்க்கர் மை எதையும் தோலில் அடிக்கக் கூடாது. அவற்றில் சிலவற்றின் மேல் ‘நச்சற்றது’ என்று எழுதியிருக்கும். அந்தச் சொல் ஓவியப் பொருளாகப் பயன்படுத்துவதைப் பற்றியது; தோலில் நாள்கணக்கில் வைத்திருப்பதைப் பற்றியது அல்ல. அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏவும் முகத்தில் பூசும் நிறங்களைப் பற்றி இதே எச்சரிக்கையைத் தருகிறது. இருட்டில் ஒளிரும் நிறங்கள், கண்ணைப் பறிக்கும் நியான் நிறங்கள் ஆகியவற்றிலும் கவனம் தேவை. அவற்றில் பல நிறமிகளுக்கு அழகுசாதனப் பொருளாகப் பயன்படுத்த அனுமதி கிடையாது. தொடக்கத்தில் அவற்றைத் தவிர்த்துவிடுங்கள்.

கறுப்பு மருதாணி என்று விற்கப்படுவதை இந்த வேலைக்குள் கொண்டுவரவே வேண்டாம். உண்மையான மருதாணி ஆரஞ்சிலிருந்து செம்பழுப்பு வரைதான் சிவக்கும். மைக் கறுப்பாகப் பிடிக்கும் கலவைகளில் பிபிடி என்ற தலைச்சாய ரசாயனம் இருப்பதுண்டு. அது கொப்புளம் போட்டு, தழும்பை விட்டு, வாழ்நாள் முழுக்கத் தலைச்சாயமே ஒத்துக்கொள்ளாத ஒவ்வாமையையும் உண்டாக்கிவிடலாம்.

எத்தனை நிறம் வாங்குவது? பன்னிரண்டு நிறப் பெட்டியைப் பார்த்தால் கை துறுதுறுக்கும். கறுப்பு ஒன்று பெரிய புட்டி, வெள்ளை, சிவப்பு, நீலம் சிறிய புட்டி: இவை போதும். உள்ளங்கை அளவு டாட்டூவுக்குச் சில சொட்டு மைதான் செலவாகும். திறந்து திறந்து மூடும்போது ஆல்கஹால் ஆவியாகி, மிச்ச மை கெட்டியாகிக்கொண்டே வரும் என்பதால், அதிகம் செலவாகும் கறுப்பைத் தவிர மற்ற நிறங்களில் பெரிய புட்டி லாபமாக இருக்காது. மாநிறத்துக்கும் கருநிறத்துக்கும் வெள்ளை மிக முக்கியம். மஞ்சள், வெளிர்நீலம் போன்றவை நேரடியாக அடித்தால் தோல் நிறத்திலேயே அமுங்கிப்போகும். அடியில் வெள்ளையை மெல்லிதாக அடித்து, காய்ந்தபின் மேலே நிறத்தை ஏற்றினால் எடுப்பாகத் தெரியும். வெள்ளை நிறமி கனமானது, புட்டியின் அடியில் படிந்துவிடும். ஒவ்வொரு முறையும் நன்றாகக் குலுக்கிய பிறகே ஊற்றுங்கள்.

ஒரு நடைமுறைக் குறிப்பு: ஆல்கஹால் மை தீப்பற்றும் பொருள் என்பதால் விமானத்தில் அனுப்பக் கட்டுப்பாடு உண்டு. வந்து சேர நாளாகலாம். நிகழ்ச்சிக்கு முந்தைய வாரம் ஆர்டர் போட்டுக் காத்திருக்காதீர்கள்.

இப்போது ஏர்பிரஷ்

கடைக்காரர் கேட்கும் முதல் கேள்வி சிங்கிள் ஆக்‌ஷனா, டபுள் ஆக்‌ஷனா என்பதாக இருக்கும். சிங்கிள் ஆக்‌ஷனில் ட்ரிகரை அழுத்தினால் காற்றும் மையும் சேர்ந்தே வரும். மையின் அளவை ஒரு திருகு வைத்து முன்கூட்டியே அமைக்க வேண்டும். டபுள் ஆக்‌ஷனில் அழுத்தினால் காற்று, அழுத்தியபடியே பின்னால் இழுத்தால் மை. எவ்வளவு இழுக்கிறீர்களோ அவ்வளவு மை. ஸ்டென்சில் (வடிவம் வெட்டிய தகடு) வைத்து அடிக்கும் வேலைக்கு சிங்கிள் ஆக்‌ஷனே போதும் என்பது உண்மைதான். ஆனாலும் டபுள் ஆக்‌ஷனையே வாங்கச் சொல்வேன். ஓரத்தில் இருட்டாகவும் நடுவில் வெளிச்சமாகவும் நிழல் கொடுப்பதுதான் டாட்டூவுக்கு உயிர். அதை விரலால் செய்யப் பழகினால்தான் கை வளரும்.

அடுத்தது மை எங்கிருந்து வருகிறது என்பது. மேலே கப் இருப்பது கிராவிட்டி ஃபீட். மை தானாக இறங்கும், குறைந்த அழுத்தத்தில் ஓடும், நாலு சொட்டு ஊற்றியும் வேலை பார்க்கலாம். கீழே புட்டி தொங்குவது சைஃபன் ஃபீட். நிறம் மாற்ற வேண்டுமென்றால் புட்டியைக் கழற்றி வேறொன்றை மாட்டினால் போதும், கூட்டம் வரிசையில் நிற்கும்போது இது பெரிய உதவி. ஆனால் மையை மேலே உறிஞ்சக் கூடுதல் காற்று வேண்டும். கற்கும்போது கிராவிட்டி ஃபீட் வைத்துக்கொண்டு, கூட்டம் வரும் காலத்தில் சைஃபன் வகையில் ஒன்று சேர்த்துக்கொள்ளலாம்.

ஊசியும், மை வெளியேறும் நுனியான நாசிலும்: 0.2 மி.மீ. நுண்ணிய வேலைக்கானது. வேகமாகக் காயும் ஆல்கஹால் மை அதில் நொடியில் அடைத்துக்கொள்ளும். புதியவர்களுக்கு 0.35 முதல் 0.5 மி.மீ. வரை பொருத்தம். வெள்ளையும் உலோகப் பளபளப்பு நிறங்களும் 0.5-ல்தான் சிரமமில்லாமல் ஓடும். இந்த வரம்புக்குள் பலரும் வாங்குபவை இவாட்டாவின் நியோ சிஎன் (0.35), எக்லிப்ஸ் ஹெச்பி-சிஎஸ் (0.35), பேட்ஜரின் பேட்ரியட் 105 (0.5) போன்றவை. மூன்றும் டபுள் ஆக்‌ஷன், கிராவிட்டி ஃபீட்.

பெயரைவிட முக்கியமாகக் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு உண்டு. ஒன்று, உள்ளே ஊசியைச் சுற்றியிருக்கும் வாஷர் எதனால் ஆனது? சாதாரண ரப்பராக இருந்தால் ஆல்கஹாலிலும் கழுவும் திரவத்திலும் ஊறி உப்பிவிடும். ஊசி இறுகும், அல்லது மை பின்பக்கம் கசிந்து ட்ரிகர் ஒட்டும். டெஃப்லான் எனப்படும் பிடிஎஃப்இ வாஷர் இருப்பதை வாங்குங்கள். மையில் தொடங்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். இரண்டாவது, அந்த மாடலுக்கு நாசிலும் ஊசியும் தனியாகக் கிடைக்கின்றனவா? நாசில் என்பது நகக்கணுவிலும் சிறிய பித்தளைக் கூம்பு. சில மாடல்களில் அதற்கு நூல் போன்ற மரை இருக்கும். கொஞ்சம் அதிகமாக முறுக்கினால் உடைந்து மரை உள்ளேயே தங்கிவிடும். எக்லிப்ஸ், ஜெர்மனியின் ஹார்டர் அண்ட் ஸ்டீன்பெக் தயாரிக்கும் எவல்யூஷன் போன்றவற்றில் நாசிலைச் சும்மா உள்ளே வைத்து மூடியைத் திருகினால் போதும். கழற்றிக் கழுவப் பழகும் காலத்தில் இது எவ்வளவு நிம்மதி என்பது செய்து பார்த்தால் புரியும். மிக மலிவான, பெயரில்லாத செட்டுகளும் மை அடிக்கத்தான் செய்கின்றன; உதிரிபாகம் கிடைக்காததுதான் அவற்றின் பிரச்சினை.

காற்று

பணத்தில் கை இறுக்கமாக இருந்தால் ஏர்பிரஷில் ஒரு படி இறங்குங்கள், காற்றை அழுத்தித் தரும் கம்ப்ரசரில் இறங்க வேண்டாம். தோலில் ஸ்டென்சில் வைத்து அடிக்க 15 முதல் 25 பிஎஸ்ஐ (காற்றழுத்த அலகு) போதும், அதாவது ஏறக்குறைய 1 முதல் 1.7 பார். இது பெரிய அழுத்தம் அல்ல. வேண்டியது அழுத்தம் ஆடாமல் நிற்பது.

டேங்க் இல்லாத சிறிய கம்ப்ரசர்களில் பிஸ்டனின் துடிப்பு அப்படியே ஹோஸ் எனப்படும் காற்றுக் குழாய் வழியாக வந்து, மெல்லிய கோட்டில் புள்ளி புள்ளியாகத் தெரியும். 3 லிட்டர் டேங்க் உள்ள, எண்ணெய் தேவைப்படாத பிஸ்டன் கம்ப்ரசர் தொடக்கத்துக்கு ஏற்றது. டேங்க் நிறைந்ததும் மோட்டார் தானே நின்று, குறைந்ததும் தானே ஓடும் வகையாகப் பாருங்கள். வெப்பமும் குறையும், சத்தமும் குறையும். அருகில் உட்கார்ந்திருப்பவரிடம் பேசிக்கொண்டே செய்யும் வேலை இது, சத்தம் சின்ன விஷயமில்லை.

அழுத்தத்தை அமைக்கும் ரெகுலேட்டரும் ஈரம் பிடிக்கும் குடுவையும் கட்டாயம் இருக்க வேண்டும். காற்றை அழுத்தும்போது சூடாகிறது, ஹோஸில் ஆறும்போது அதிலுள்ள ஈரம் துளியாகிறது. அந்தத் துளி மையோடு சேர்ந்து தெறித்தால் டாட்டூவின் நடுவில் ஒரு கறை. வேலை முடிந்ததும் டேங்கின் அடியில் உள்ள திருகைத் திறந்து தேங்கிய நீரை வெளியேற்றுங்கள். இல்லாவிட்டால் உள்ளே துருப்பிடிக்கும்.

மேக்கப்புக்கென்று விற்கும் கையடக்க மினி கம்ப்ரசர்களும், ஏர்பிரஷின் அடியிலேயே பேட்டரியோடு மாட்டும் வகைகளும் கவர்ச்சியானவைதான். பல மாடல்களில் அழுத்தத்தைத் துல்லியமாக அமைக்க வழியிருக்காது, தொடர்ந்து பலருக்கு அடிக்கவும் தாங்காது. காற்று கேன் வேண்டவே வேண்டாம். பயன்படுத்தப் பயன்படுத்தக் குளிர்ந்து அழுத்தம் இறங்கிக்கொண்டே போகும்.

ஹோஸ் வாங்கும்போது மரை அளவைப் பாருங்கள். பெரும்பாலான நிறுவனங்கள் 1/8 அங்குல பிஎஸ்பி மரையைப் பின்பற்றுகின்றன. பேட்ஜர், பாஷே போன்றவற்றுக்குத் தனி அளவு, அடாப்டர் வேண்டும்.

ஸ்டென்சில்

புதியவரின் டாட்டூ அழகாக வருவதும் வராததும் பாதிக்குமேல் ஸ்டென்சிலில் இருக்கிறது. இரண்டு வகையைப் பார்ப்பீர்கள். மைலார் எனப்படும் பிளாஸ்டிக் தகடு, கழுவிக் கழுவிப் பலமுறை பயன்படும். பசையுள்ள ஸ்டென்சில், ஒருமுறை ஒட்டி உரித்தால் குப்பைக்குப் போகும்.

மைலாரின் சிக்கல் உடல் தட்டையாக இல்லாததுதான். தடித்த தகடு புஜத்தில் வளையாமல் ஓரம் தூக்கிக்கொள்ளும், அந்த இடுக்கில் மை புகுந்து கோடு மங்கும். மெல்லிய தகடாகவும், படம் சிறியதாகவும் இருந்தால் கையால் அழுத்திப் பிடித்தே சமாளிக்கலாம். பசை ஸ்டென்சில் ஓரத்தில் கத்தி போல் கூர்மையான கோட்டைத் தரும். முதல் சில டாட்டூக்களுக்கு இதையே பரிந்துரைப்பேன். சுகாதாரமும் கூடுதல், ஒருவர் தோலில் பட்டது இன்னொருவருக்குப் போகாது. மைலார் என்றால் ஒவ்வொருவருக்கும் இடையில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் இரு பக்கமும் துடைத்தாக வேண்டும்.

சொந்தமாக வெட்ட விரும்பினால் கிரிகட், சில்லவெட் போன்ற மேசைக் கட்டர்கள் உதவும். ஆனால் விளம்பரப் பலகைக்கான வினைல் ஒட்டும்தாளின் பசை தோலுக்காகச் செய்யப்பட்டதல்ல. தோலுக்கென்று விற்கும் ஸ்டென்சில் தாளையே வெட்டுங்கள்.

பெயர் எழுதித் தரச் சொல்லிக் கேட்பவர்கள் நிறைய இருப்பார்கள். தமிழ் எழுத்தில் ‘ண’, ‘ன’, ‘ஞ’ ஆகியவற்றின் சுழிகளைக் கவனியுங்கள். சுழியின் உள்ளே இருக்கும் துண்டு எதோடும் ஒட்டாமல் தனித்து நின்றால், வெட்டும்போது விழுந்துவிடும்; அடித்தால் சுழி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கறுப்புப் பொட்டுதான் வரும். அந்தத் துண்டைச் சுற்றுப்பகுதியோடு இணைக்கும் மெல்லிய பாலம் ஒன்றை வடிவத்திலேயே வைத்துவிடுங்கள். புள்ளியை வட்டமாக வரையாமல் நிரப்பிய பொட்டாக வைத்தால் அதற்குப் பாலம் தேவையில்லை.

மறந்துபோகும் சின்னப் பொருட்கள்

70 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தோலைத் துடைக்க, 99 சதவீதம் ஏர்பிரஷைக் கழுவ. பஞ்சு, பஞ்சு இழை விடாத துடைப்புத் தாள், கையுறை. ஊசித்துளை தேய்க்கும் சிறிய பிரஷ் செட். மிச்ச மையை அடித்துக் காலி செய்ய மூடியுள்ள குடுவை ஒன்று. இது இல்லாமல் அடித்தால் அறை முழுக்க மை மூட்டம்தான். டாட்டூ காய்ந்ததும் தட்ட நிறமற்ற பவுடர்.

முகக்கவசம் பற்றித் தனியாகச் சொல்கிறேன். என்95 கவசம் மைத் துளிகளைத் தடுக்கும். ஆல்கஹால் ஆவியைத் தடுக்காது. நாள் முழுக்க அடிப்பவர்களுக்குக் கரிம ஆவி வடிகட்டி உள்ள கவசமே சரி. சன்னல் திறந்திருக்கட்டும், மின்விசிறி உங்கள் பக்கமிருந்து காற்றை வெளியே தள்ளட்டும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலின் ஆவி சுமார் 12 டிகிரி செல்சியஸிலேயே தீப்பற்றக்கூடியது. அறை வெப்பநிலை அதைவிட எப்போதும் கூடுதல். சிகரெட், விளக்கு, மெழுகுவர்த்தி, அடுப்பு எதுவும் அருகில் கூடாது.

முதல் சில வாரங்கள்

தொடக்கத்தில் மை வேண்டாம். கப்பில் தண்ணீர் ஊற்றி, செய்தித்தாளில் ட்ரிகரை மட்டும் பழகுங்கள்: காற்று முதலில், மை பிறகு, நிறுத்தும்போது மை முதலில், காற்று கடைசியாக. காற்றை முதலில் நிறுத்தினால் நுனியில் நின்ற மை அடுத்த அடியில் தெறிக்கும். விரலுக்கு இது படிந்தபின் கறுப்பு மை ஊற்றிப் புள்ளிகள், கோடுகள், பிறகு இருட்டிலிருந்து வெளிச்சத்துக்கு இறங்கும் நிழல். அதற்கும் பிறகு ஒரு பிளாஸ்டிக் புட்டியில் ஸ்டென்சில் ஒட்டி வளைந்த பரப்பில் அடிக்கப் பழகலாம்.

தோலில் அடிக்கும் முன், அந்த மையில் ஒரு சொட்டை முழங்கையின் உட்பக்கம் வைத்து 24 மணி நேரம் பாருங்கள். முதலில் உங்கள் கையில், பிறகு உங்களிடம் வரும் ஒவ்வொருவருக்கும் கேட்டுவிட்டு. காயம், சிரங்கு, வெயில் சுட்ட தோல், மச்சத்தின் மேல் அடிக்காதீர்கள். கண், வாய் அருகே ஆல்கஹால் மை கூடவே கூடாது.

அடிக்கும் இடத்தில் லோஷனோ எண்ணெயோ இருந்தால் மை பிடிக்காது. முடி அதிகமென்றால் முந்தைய நாளே மழித்துவிட்டு வரச் சொல்லுங்கள். மழித்த உடனே ஆல்கஹால் பட்டால் எரியும். 70 சதவீத ஆல்கஹாலால் துடைத்து, முழுதும் காயவிட்டு, ஸ்டென்சிலை நடுவிலிருந்து ஓரத்துக்கு நீவி ஒட்டுங்கள். ஏர்பிரஷைத் தோலுக்குச் செங்குத்தாக, 5 முதல் 8 செ.மீ. தூரத்தில் பிடியுங்கள். சாய்த்துப் பிடித்தால் காற்று ஸ்டென்சில் ஓரத்துக்கு அடியில் மையைத் தள்ளும். ஒரே அடியில் கறுப்பாக்க முயலாமல் மூன்று நான்கு மெல்லிய அடுக்காக ஏற்றுங்கள். மை ஈரமாகப் பளபளத்தால் அதிகம் விழுகிறது என்று பொருள். ஒரு நிமிடம் பொறுத்து, ஸ்டென்சிலை மெதுவாக மடித்து உரியுங்கள். பிறகு பவுடர் தட்டி, மிச்சத்தை மெல்லத் துடைத்துவிடுங்கள்.

போட்டுக்கொண்டவரிடம் இரண்டு விஷயம் சொல்லி அனுப்புங்கள். குளித்தபின் தேய்க்காமல் ஒற்றித் துடைக்க வேண்டும். எடுக்க விரும்பும் நாளில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சைச் சில நொடி வைத்துத் துடைக்கலாம், அல்லது குழந்தை எண்ணெய் தடவிச் சற்று ஊறவிட்டுத் தேய்க்கலாம். அதன்பின் சோப்பு போட்டுக் கழுவி ஈரப்பதம் தரும் கிரீம் தடவட்டும். அரிப்போ சிவப்போ கண்டால் காத்திருக்காமல் உடனே அகற்றச் சொல்லுங்கள். தணியாவிட்டால் தோல் மருத்துவரிடம் போக வேண்டும். அப்போது காட்டுவதற்காக மையின் மூலப்பொருள் பட்டியலைப் புகைப்படம் எடுத்து வைத்திருங்கள்.

கழுவுவது

ஆல்கஹால் மை ஏர்பிரஷுக்குள் காய்ந்தால் பிறகு எடுப்பது பெரும்பாடு. ஒவ்வொரு நிறம் மாற்றும்போதும் கப்பில் கொஞ்சம் 99 சதவீத ஆல்கஹால் ஊற்றி, குடுவைக்குள் நிறமின்றி வரும்வரை அடியுங்கள். வேலைக்கு நடுவே நுனியில் மை உலர்ந்து அடைத்தால், ஆல்கஹாலில் நனைத்த பிரஷால் ஊசி நுனியைத் தொட்டாலே திறந்துகொள்ளும். நாள் முடிவில் ஊசியைப் பின்பக்கமாக உருவித் துடைத்து, நாசிலைக் கழற்றிக் கழுவுங்கள். முழு ஏர்பிரஷையும் திரவத்தில் மூழ்க வைக்காதீர்கள். ட்ரிகருக்குக் கீழே உள்ள காற்று வால்வுக்குள் கரைந்த மை இறங்கி, காய்ந்ததும் ட்ரிகர் இறுகிவிடும். திரும்ப மாட்டும்போது ஊசி நாசிலைத் தொட்டதும் நிறுத்துங்கள். அழுத்தித் தள்ளினால் நாசில் வாய் பிளந்து, அடுத்த முறை மை ஒரு பக்கமாகச் சாய்ந்து அடிக்கும். எதற்கும் ஊசி ஒன்று, நாசில் ஒன்று கூடுதலாக வாங்கி மைப் பெட்டியிலேயே போட்டு வையுங்கள்.